ஈரத்தில் வைத்த வெள்ளைக் கோடு: வாட்டர்கலரும் சாஃப்ட் பேஸ்டலும் சேர்ந்த ஓர் ஓவியத்தின் கதை

பின்னணி

கும்பகோணத்தில் வார இறுதிகளில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். இந்த ஆய்வில் வருபவர் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் சம்மதித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தார்.

நான்கு வருடங்களாக டீச்சர் வாட்டர்கலர் மட்டுமே செய்துவந்தார். பொங்கலை ஒட்டி வகுப்பு மாணவர்களின் படங்களை ஒரு சின்னக் கண்காட்சியாக வைப்பது வழக்கம். அதற்கு மார்கழி விடியற்காலைத் தெரு ஒன்றை வரைய ஆசைப்பட்டார். பனி மூடிய தெரு, நீர் தெளித்த வாசல், சிக்குக் கோலம், நடுவில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ, மாடத்தில் அகல் விளக்கு. பனிக்கும் ஈரத்தரைக்கும் வாட்டர்கலரை விட்டால் வேறு வழி கிடையாது. சிக்கல் கோலத்தில்தான்.

வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர். கோலத்தின் இழைகளை வெள்ளையாக விட வேண்டுமென்றால், ஒவ்வொரு இழையையும் சுற்றி நிறம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்கிங் திரவத்தால் மறைத்துவிட்டுப் பிறகு உரித்தெடுக்க வேண்டும். டீச்சர் இரண்டையும் செய்து பார்த்திருந்தார். சுற்றிக் கட்டியபோது கோலம் வெட்டி ஒட்டியது போல வந்தது. மாஸ்கிங் திரவத்தை நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாள் விட்டுவைத்ததால், உரிக்கும்போது பேப்பரின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. வெள்ளை போஸ்டர் கலரை மேலே வைத்தும் பார்த்தார். "இது பெயின்ட் கோடு தம்பி, மாவுக் கோடு இல்லை" என்று அவரே தள்ளிவிட்டார். சாஃப்ட் பேஸ்டல் என்பது நிறப்பொடியை மிகக் குறைந்த பசையில் உருட்டிய குச்சி. கோலமாவுக்கு அதைவிட நெருக்கமான பொருள் ஓவியக் கடையில் இல்லை என்று நான்தான் சொன்னேன்.

வாங்கப் போன இடத்திலேயே ஒரு தடங்கல். இங்கே கடையில் பேஸ்டல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆயில் பேஸ்டல். அதில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் வாட்டர்கலரோடு சேராது, தண்ணீரை விலக்கும். டீச்சரும் முதலில் அதைத்தான் வாங்கி வந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்: ஆயில் பேஸ்டல் பிசுபிசுக்கும், சாஃப்ட் பேஸ்டல் சாக்பீஸ் மாதிரி பொடியாக ஒட்டும். பிறகு சென்னையிலிருந்து சரியான குச்சிகளை வரவழைத்தோம்.

முதல் படமும் அதில் கண்டதும்

பேப்பர் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, கோல்டு பிரஸ்டு, அதாவது லேசான சொரசொரப்பு உள்ளது. அரைத் தாள், அதாவது 15க்கு 22 அங்குலம். டீச்சர் வானத்தையும் வீடுகளையும் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறத்தில் அழகாகக் கட்டிவிட்டார். வாசல் தரை கறுத்து ஈரமாகத் தெரிய வேண்டும் என்பதால் அங்கே மட்டும் நிறத்தைக் குழம்பு போலக் கெட்டியாக, மூன்று முறை பூசினார். மூன்றாவது பூச்சு காய்வதற்குள் வெள்ளைப் பேஸ்டலை எடுத்துக் கோலம் போடத் தொடங்கினார்.

நான் வேறொருவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கோலத்தில் பாதி முடிந்திருந்தது. சில இழைகள் பட்டை பட்டையாகப் பருத்து ஓரத்தில் கசிந்திருந்தன. வேறு சில சாம்பல் நிறமாகத் தெரிந்தன. அது போதவில்லை என்று டீச்சர் அவற்றின் மேலேயே அழுத்தி அழுத்திப் போட்டிருந்தார். குச்சியின் முனையில் நீல நிறம் ஏறியிருந்தது. சிதறிய பொடியைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். அதை உடனே நிறுத்தச் சொன்னேன். ஊதினால் பொடி காற்றில் எழுந்து மூக்குக்குள்தான் போகும், சில நிறமிகள் உடம்புக்கு ஆகாதவை. பலகையைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் மெல்லத் தட்டினால் பொடி தானே கீழே விழுந்துவிடும்.

ஏன் ஈரத்தில் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது. "வாசல் தெளிச்சு ஈரம் காயறதுக்குள்ள போட்டாத்தானே கோலம் நிக்கும்? காய்ஞ்ச தரையில போட்டா முதல் காத்துக்கே போயிடும்." ஐம்பது வருடப் பழக்கம் அது. அதற்கு எதிராக என்னிடம் இருந்தது, பேஸ்டலைக் காய்ந்த பேப்பரில்தான் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி. "இது தரை இல்லை டீச்சர், பேப்பர். நன்றாகக் காயட்டும்" என்றேன். சரி என்று கேட்டுக்கொண்டார்.

காய்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. சாம்பலாகத் தெரிந்த இழைகள் கண்ணை உறுத்தும் வெள்ளையாகிவிட்டன. சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இது தெரியும்: ஈரமாக இருக்கும்போது பழைய சுவர் அப்படியே தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். பொடியின் இடைவெளிகளில் தண்ணீர் நிற்கும்வரை ஒளி சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. காய்ந்து அந்த இடத்தில் காற்று வந்ததும் ஒளி சிதறி வெள்ளை தெரிகிறது. டீச்சர் ஈர நிலையில் பார்த்த நிறத்தை நம்பி இரண்டு மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்.

கோலத்தின் மீதிப் பாதியைக் காய்ந்த இடத்தில் போட்டபோது வேறொரு தொல்லை. குச்சி வழுக்கியது. வாட்டர்கலரின் பசை கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்தது. மூன்று கெட்டிப் பூச்சுகளில் இருந்த பிசின் பேப்பரின் குழிகளையெல்லாம் அடைத்து, லேசாகப் பளபளக்கும் ஒரு தோல் போல நின்றுவிட்டது. பேஸ்டல் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும், அது அங்கே தீர்ந்துபோயிருந்தது. வைத்த பொடி உதிர்ந்தது. உதிரக் கூடாது என்று ஃபிக்சடிவ் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தோம். விளக்கைச் சுற்றி மெல்லிய மஞ்சளில் வைத்திருந்த ஒளிவட்டம் அப்படியே மங்கிவிட்டது. இதற்கும் காரணம் அதே சுண்ணாம்புக் கதைதான்: ஸ்பிரேயில் உள்ள ரெசின் காற்று இருந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. தண்ணீராக இருந்தால் காய்ந்துபோகும், ரெசின் அங்கேயே தங்கிவிடும்.

பன்றிமயிர்த் தூரிகையால் உலர்ந்த பொடியைத் தட்டி எடுத்தோம், நனைத்த ஸ்பாஞ்சால் ஒற்றிப் பார்த்தோம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் ஓரளவு கழன்று வரும் நிறங்கள் என்பதால் தரை கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். அந்தப் படத்தைக் கைவிட்டோம்.

ஆறு துண்டுகள்

அன்று இரவு எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கைவிட்ட படத்தை மறுபடி எடுத்து விரலால் தேய்த்தேன். காய்ந்த இடத்தில் போட்ட இழைகள் விரலோடு வந்தன. ஈரத்தில் போட்டவை அசையவில்லை. டீச்சர் சொன்னது பேப்பருக்கும் பொருந்துகிறது. பிரெஞ்சு ஓவியர் தேகா பேஸ்டலைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் தீட்டியதைப் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்படியிருந்தும் 'காய்ந்த பேப்பரில்தான்' என்று விதிபோலச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வகுப்பில் அதே பேப்பரின் ஓரத்திலிருந்து ஆறு துண்டுகள் வெட்டினோம். மூன்றில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, மூன்றில் கெட்டியான பூச்சு. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை ஈரம் மின்னும்போதும், ஒன்றை மினுமினுப்பு அடங்கிய பிறகும், ஒன்றை முழுக்கக் காய்ந்த பிறகும் எடுத்து, ஒரே குச்சியால் ஒரே மாதிரி வளைவு போட்டோம். மறுநாள் டீச்சர் வீட்டிலேயே டிஷ்யூ பேப்பரால் தேய்த்துப் பார்த்து, துண்டுகளின் பின்னால் கணக்கு நோட்டு எழுதுவது போலக் குறித்துக்கொண்டு வந்தார்.

மின்னும் ஈரத்தில் போட்டவை இரண்டுமே வீண். கோடு கரைந்து பரவியது, ஊறிப்போன பேப்பரின் மேற்பரப்பையும் குச்சி கீறியது. முழுக்கக் காய்ந்ததில், மெல்லிய பூச்சின் மேல் வந்த கோடு மிக அழகு: இடையிடையே விட்டுவிட்டு, பொடித்தன்மையோடு, ஒளியோடு இருந்தது. ஆனால் டிஷ்யூவில் பாதி வந்துவிட்டது. கெட்டிப் பூச்சின் மேல் போட்டது தேய்ப்பதற்கு முன்பே உதிரத் தொடங்கியிருந்தது.

நடு நிலையில்தான் விஷயம் இருந்தது. மினுமினுப்பு போய்விட்டது, பார்த்தால் காய்ந்தது போலத்தான் தெரிகிறது, புறங்கையை வைத்தால் மட்டும் சில்லென்று இருக்கிறது. அந்த நேரத்தில் மெல்லிய பூச்சின் மேல் போட்ட கோடு முழுமையாக, ஓரம் கசியாமல் வந்தது. தேய்த்தால் மேலோட்டமாகக் கொஞ்சம் பொடி வந்தது, கோடு நின்றது. பூச்சில் இருக்கும் பிசின் அப்போது இன்னும் இளகியிருக்கிறது. காயும்போது பொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் புரிந்த காரணம். கெட்டிப் பூச்சிலும் கோடு நின்றது, ஆனால் குச்சி முனை நிறத்தை வாரிக்கொண்டு கோட்டை அழுக்காக்கியது.

புறங்கையை வைத்துப் பார்க்கும் முறை டீச்சருடையது. சமையலில் கை வைத்துச் சூடு பார்ப்பது போல என்றார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு வாசல் தரையைப் பற்றியது. கறுப்பை மூன்று பூச்சில் கட்டாமல் ஒரே மெல்லிய பூச்சில், வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகவே நிறுத்திவிடுவது. மீதி ஆழத்தை அடர்நீலப் பேஸ்டலை லேசாகத் தேய்த்துக் கொண்டுவருவது. பேப்பரின் குழிகள் அளவோடுதான் இருக்கின்றன. வாட்டர்கலர் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் பேஸ்டலுக்கு. இந்தப் படத்தில் பேஸ்டல் எங்கே வரும் என்பதை முதல் தூரிகை வைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் தெருவை வரைந்து, பேஸ்டல் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார்: கோலம், பூசணிப்பூ, விளக்கின் ஒளி, தரையின் நிழல். வானத்தில் ஒரு துளியும் வேண்டாம் என்றார். பனியில் பொடி பட்டால் அது புழுதியாகிவிடும் என்று அவர் சொன்னது சரிதான்.

இரண்டாவது, கோல இழை மட்டும் சில்லென்ற ஈரத்தில். பூவும் ஒளிவட்டமும் முழுக்கக் காய்ந்த பிறகு. இழை நிற்க வேண்டும், ஒளி மின்ன வேண்டும், இரண்டையும் ஒரே முறையில் பெற முடியாது.

மூன்றாவதாக ஃபிக்சடிவ். தரையின் அடர்நீலத்துக்கு மட்டும், தள்ளி நின்று ஒரு மெல்லிய வீச்சு. அந்த நிறம் கொஞ்சம் இருண்டால் நமக்கு நல்லதுதான். கடைசியாக வைக்கும் வெளிர்நிறங்களுக்கு மேல் எதுவும் அடிப்பதில்லை.

ஒரு இடத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பென்சிலில் கோலத்தை முன்பே லேசாக வரைந்துகொள்ளச் சொன்னேன். சாய்வாகப் பார்க்கும் கோலம், வட்டமெல்லாம் நீள்வட்டமாகச் சப்பையாக வேண்டும், ஈரம் இருப்பதோ சில நிமிடங்கள். தப்பினால் படமே போய்விடும். டீச்சர் மறுத்தார். புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்வேன், இழை கையோடுதான் வர வேண்டும் என்றார். விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பதிலாக ஒரு வாரம் செய்தித்தாளில் அதே அளவில் போட்டுப் பழகச் சொன்னேன், பழகினார்.

இரண்டாவது படம்

டிசம்பர் கடைசி வாரம், மழை விட்டும் காற்றில் ஈரம் விடாத நாள். வானமும் வீடுகளும் காலையிலேயே முடிந்தன. தரைக்குப் பூச்சு விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் மினுமினுப்பு அடங்கவில்லை. பொறுமை இழந்து ஹேர் டிரையரை எடுத்தேன். சூடு பட்டதும் மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தது, புறங்கைக்கு வெதுவெதுப்பாகவும் இருந்தது. முழுக்கக் காய்ந்துவிட்டதோ என்று பயந்து, மறுபடி நனைக்கச் சொல்லத் தொடங்கினேன். டீச்சர் கையமர்த்தினார். "சூடு ஆறட்டும் தம்பி, அப்புறம் தொட்டுப் பாருங்க." ஆறினதும் பேப்பர் சில்லென்றுதான் இருந்தது. டிரையர் காட்டிய பேப்பரில் புறங்கைச் சோதனை பொய் சொல்லும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கோலம் இடுக்குப் புள்ளி, நடு வரிசையில் 7 வைத்து இரண்டு பக்கமும் 4 வரை. புள்ளிகளைப் பென்சிலால் குத்தியிருந்தார். குச்சியைப் பென்சில் பிடிப்பது போலப் பிடிக்காமல், கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவில் மாவு எடுப்பது போலப் பிடித்தார். ஒரு வளைவு போட்டதும் முனையைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தது. தூரத்து வரிசையில் முனையை லேசாகத் தொட்டு, கிட்டத்து வரிசையில் பக்கவாட்டில் சாய்த்து. நின்று பார்க்கவே இல்லை. ஏழு எட்டு நிமிடங்களில் முடித்துவிட்டார். கடைசி வரிசையில் வலது ஓரத்தில் ஒரு இழை புள்ளியைச் சுற்றாமல் தாண்டிப் போய்விட்டது. திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஈரம் போய்க்கொண்டிருந்த நேரம், அழிக்கப் போனால் தரையும் சேர்ந்து கலங்கும்.

கோலம் அப்போது மங்கலாகத்தான் தெரிந்தது. முதல் படமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி அழுத்தியிருப்பார். இந்த முறை பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது வெளுத்திருந்தது.

மறுநாள், எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, பூசணிப்பூவுக்கு மூன்று தொடுதல் மஞ்சள், ஒரு தொடுதல் ஆரஞ்சு. விளக்கைச் சுற்றி வெளிர்மஞ்சளை விரலால் பரப்பியது. அதற்கு மேல் எதையும் தொடவில்லை.

ஃப்ரேமில் நடந்தது

இதில் தவறு முழுக்க என்னுடையது. ஃப்ரேம் போடுபவரிடம் படத்தைக் கொடுக்கும்போது மேலே பேஸ்டல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி உடையும், கொண்டுபோகச் சிரமம் என்று அவர் நல்லெண்ணத்தில் அக்ரிலிக் ஷீட் போட்டு, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) இல்லாமல் படத்தோடு ஒட்டியே பூட்டிவிட்டார். அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தாலே நிலைமின்னேற்றம் ஏறும், சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பது போலப் பொடியை இழுக்கும். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு படத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஷீட்டின் உட்பக்கத்தில் மஞ்சள் படலம். விளக்கின் ஒளிவட்டத்தில் பெரும்பகுதி போயிருந்தது. பூசணிப்பூவின் ஒரு இதழ் தேய்ந்திருந்தது.

கோலம் அப்படியே இருந்தது. ஷீட்டில் அதன் சாயல்கூட விழவில்லை. துண்டுகளில் பார்த்ததற்கு இப்படி ஒரு சாட்சி கிடைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் ஒளிவட்டம் போனதற்கு வருத்தப்பட்டதைவிடக் கோலம் நின்றதற்குச் சந்தோஷப்பட்டதுதான் அதிகம்.

கண்ணாடியாக மாற்றினோம். மவுண்ட் போர்டு இரண்டு அடுக்காக வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விட்டோம். ஒளிவட்டத்தைப் புதிதாக வைத்தார். இரண்டாவதாக வைத்தது முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் சிறியது, எனக்கு அதுவே பிடித்திருந்தது.

பின்னர்

படம் விற்பனைக்கு வைக்கப்படவில்லை, டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், உள்சுவரில் மாட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஈரக்காற்றில் பேப்பரும் பேஸ்டலும் எளிதில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஃப்ரேமைக் கழற்றிப் பார்த்தோம். பூஞ்சைப் புள்ளி எதுவும் இல்லை. ஒளிவட்டத்திலிருந்து கொஞ்சம் பொடி கீழ்மவுண்டின் உள்விளிம்பில் இறங்கியிருந்தது.

இனி மாற்றிச் செய்பவை

'காய்ந்த பேப்பரில்தான்' என்று வகுப்பில் இப்போது சொல்வதில்லை. கோடு நிற்க வேண்டுமா, மின்ன வேண்டுமா என்று கேட்கிறேன். எந்தப் படத்துக்கும் முன்பு அதே பேப்பரில், அதே நிறத்தில், குறைந்தது மூன்று துண்டுகள் செய்து ஒரு இரவு காயவைத்த பிறகுதான் தொடங்குகிறோம். பேப்பர் மாறினால் அந்தச் சில்லென்ற நேரத்தின் நீளமும் மாறுகிறது. பசை குறைந்த கைமுறைக் காகிதம் ஒன்றில் பார்த்தபோது பூச்சு உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த நேரம் வருவதற்கு முன்பே போய்விட்டது. ஃப்ரேமுக்குக் கொடுக்கும் படத்தின் பின்னால் 'பேஸ்டல் உள்ளது, கண்ணாடி மட்டும், இடைவெளி வேண்டும்' என்று எழுதி ஒட்டுகிறேன்.

டீச்சர் மாற்ற நினைப்பது ஒன்றே ஒன்று. வலது ஓரத்தில் தாண்டிப் போன அந்த இழை. வீட்டுக்கு வருபவர்களில் கோலம் தெரிந்த பெண்கள் ஒருவர் விடாமல் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்களாம். இந்த மார்கழிக்கு அதே தெருவை மறுபடி போடப் போகிறார், 9 புள்ளி வைத்து.